குடத்தில் இடப்படும் பெயர்கள்: ஜூரியின் பணியும் தேர்வும்



மொழிக்கெனக் கூடிய அவையில் நீதிமன்றத்தைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழலாம். நீதிமன்றத்தில் நடப்பவை யாவும் மொழியால் நடப்பவையே. குற்றச்சாட்டு சொற்களால் படிக்கப்படுகிறது. சாட்சி தாம் கண்டதைச் சொற்களால் உரைக்கிறார். வழக்கறிஞர் சொற்களால் வாதிடுகிறார். தீர்ப்பும் சொற்களாலேயே அமைகிறது. ஒருவருடைய உயிரும் உரிமையும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றிக்கொண்டு நிற்கும் இடம் அது. அவ்விடத்தில் சட்டம் பயிலாத பொதுமக்களை அமர்த்தி, ‘இவர் குற்றம் புரிந்தாரா, இல்லையா என நீங்களே கூறுங்கள்’ என்று கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதுவே ஜூரி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது நெடுங்காலம் இருந்தது, இன்று இல்லை.

இவ்வுரையில் நாம் ஆராயப் புகுவன மூன்று. ஜூரியின் பணி யாது? அதில் அமர்வோர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றனர்? நம் நாடுகளில் அது ஏன் நிலைக்கவில்லை? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடும்போது, மொழி என்னும் இழை அவற்றினூடே ஓடுவதைக் காண்போம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜூரி என்பதற்கு நடுவர் குழு, நடுவர் குழாம் முதலிய தமிழாக்கங்கள் உள. ஆயினும் பட்டிமன்றத்தின் நடுவர் ஒருவராய் இருந்து முடிவுரைப்பவர். விளையாட்டின் நடுவர் விதிகளைக் கற்றுத் தேர்ந்தவர். நாம் பேச இருப்பவரோ விதிகளைக் கல்லாதவர். தனித்து முடிவு கூறாதவர். ஆதலின் தமிழ்ச் செய்தித்தாள்கள் பன்னெடுங்காலம் ஆண்டுவந்த ஜூரி என்னும் சொல்லையே நாமும் ஆள்வோம். அச்சொல்லின் வேர்ப்பொருள் உறுதிமொழி எடுத்தவர் என்பது. சான்றுகளைக் கேட்டு உண்மையான முடிவு உரைப்போம் என்று உறுதி கூறி அமர்பவர்கள் என்பதால் அப்பெயர் வந்தது.

1. செய்தியும் சட்டமும்

ஒரு வழக்கில் இருவகை வினாக்கள் எழுகின்றன. நடந்தது என்ன என்பது ஒன்று. நடந்ததற்குச் சட்டம் கூறும் பெயரும் பயனும் யாவை என்பது மற்றொன்று. முன்னதைச் செய்தி பற்றிய வினா என்றும், பின்னதைச் சட்டம் பற்றிய வினா என்றும் கொள்ளலாம். ஜூரி உள்ள நீதிமன்றத்தில் சட்ட வினாவுக்கு நீதிபதியும், செய்தி வினாவுக்கு ஜூரியும் விடை கூறுவர். எந்தச் சான்றை ஏற்கலாம், எதை விலக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் நீதிபதி. ஏற்கப்பட்ட சான்றில் எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்று முடிவு செய்பவர் ஜூரியில் இருப்போர்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நமக்குச் சிலப்பதிகாரம் துணைசெய்யும். பாண்டியன் நெடுஞ்செழியன் சட்டம் அறியாதவன் அல்லன். அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்தவனுக்கு உரிய தண்டனை இன்னதென்பது அவனுக்குத் தெரியும். அவன் ஆராயாமல் விட்டது செய்தி வினாவை. கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியுடையதா என்பதே அவ்வினா. பொற்கொல்லன் ஒருவன் வாய்ச்சொல்லே அதற்கு விடையாகக் கொள்ளப்பட்டது. கோவலன் கூற்றுக் கேட்கப்படவில்லை. பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்புப் பரல் முத்து என்று அரசன் கூறினான். சிலம்பு உடைந்தவுடன் உண்மை வெளிப்பட்டது. தெறித்து விழுந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று கண்டு சொல்ல நூலறிவு வேண்டுவதில்லை. கண்ணும் நடுநிலை நெஞ்சும் உடைய எவரும் சொல்லக்கூடும். ஜூரி முறையின் அடிப்படை நம்பிக்கை இதுவே.

குற்றவியல் வழக்கில் ஜூரியின் முன் வைக்கப்படும் அளவுகோல் கடுமையானது. குற்றம் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்கும் கடமை குற்றஞ்சாட்டும் அரசுத் தரப்பினுடையது. அறிவுடைய ஒருவர் காரணத்தோடு ஐயுறும் நிலை எஞ்சுமானால், குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலை பெறுதல் வேண்டும்.

சிவில் வழக்கு எனப்படும் உரிமையியல் வழக்கில் அளவுகோல் வேறு. இரு தரப்பில் எதன் கூற்று உண்மையாக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று காண்பதே அங்குப் போதுமானது. அங்கு ஜூரிக்கு இன்னொரு பணியும் உண்டு: இழப்பீட்டுத் தொகையை வரையறுத்தல். ஒருவருடைய நற்பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை எத்துணைப் பணம் ஈடுசெய்யும் என்பதற்கு எந்தச் சட்ட நூலிலும் வாய்பாடு இல்லை. அது குறித்துச் சமுதாயத்தின் மதிப்பீட்டை ஜூரி கூறும் என்று கருதினர்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட ஆறாம் திருத்தம் குற்றவியல் வழக்கிலும், ஏழாம் திருத்தம் உரிமையியல் வழக்கிலும் ஜூரி உரிமையை உறுதி செய்தன. பின்னதற்கு வரம்பாகக் குறிக்கப்பட்ட 20 டாலர் என்னும் தொகை இன்றும் அப்படியே எழுத்தில் உள்ளது. இங்கிலாந்தோ வேறு வழியில் சென்றது. அங்கு 1933ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் வழக்குகளில் ஜூரியைச் சிலவகை வழக்குகளுக்குள் அடக்கியது. அவதூறு வழக்கு அவ்வகையில் எஞ்சியிருந்தது. 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டத்திற்குப் பின் அதுவும் பொதுவாக நீதிபதி ஒருவராலேயே விசாரிக்கப்படலாயிற்று. ஜூரியைப் போற்றும் நாடுகளும் அதனை எல்லா வழக்குகளுக்கும் ஒரே வகையில் பொருத்தவில்லை என்பது இதனால் விளங்கும்.

2. வலிமையும் குறையும்

ஜூரியின் வலிமை எதில் அடங்கியுள்ளது என்பதற்கு 1670ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த வழக்கைச் சான்றாகக் கூறுவர். குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகிய இருவரும் தெருவில் கூட்டம் கூட்டிச் சமய உரையாற்றியதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களைக் குற்றவாளிகள் என்று உரைக்குமாறு நீதிபதிகள் ஜூரியை வற்புறுத்தினர். ஜூரியில் இருந்தோர் இசையவில்லை. உணவும் நீரும் இன்றி அடைத்துவைக்கப்பட்ட பின்னும் அவர்கள் குற்றம் இல்லை என்றே முடிவுரைத்தனர். அதற்காக அவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதனைச் செலுத்த மறுத்த எட்வர்டு புஷெல் முதலியோர் சிறையிலிருந்தவாறே மேல்மன்றத்தை நாடினர். ஜூரியில் அமர்ந்தவர் கூறிய முடிவுக்காக அவரைத் தண்டித்தல் ஆகாது என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார். அரசின் விருப்பத்திற்கு மாறாகவும் எளிய மனிதர் தம் மனச்சான்றுப்படி முடிவு கூறலாம் என்னும் உரிமை இவ்வாறு நிலைபெற்றது.

ஆனால் ஜூரி தவறே செய்யாது என்று எவரும் கூறவியலாது. தமிழுலகம் நன்கறிந்த ஒரு வழக்கே இதற்குச் சான்று. 1944ஆம் ஆண்டு சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றஞ்சாட்டப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரியின் முன் விசாரணை நடந்தது. 1945ஆம் ஆண்டு அவ்விருவரும் குற்றவாளிகள் என முடிவாகி ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது; 1947ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் மறுபடியும் ஆராய்ந்து இருவரையும் விடுவித்தது. அதற்குள் இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்க்கை கழிந்துவிட்டது.

ஜூரி தன் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லை. குற்றவாளி அல்லது குற்றவாளி அல்லர் என்ற அளவில் அதன் சொல் முடிந்துவிடும். சாட்சிகளுள் எவரை நம்பினர், எந்த இடத்தில் ஐயம் நீங்கினர் என்பதை மேல்முறையீட்டில் எவரும் படித்துப் பார்க்க இயலாது. நீதிபதியோ எழுதும் தீர்ப்பில் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். அக்காரணம் பிழையாயின் மேல்மன்றம் அதனைச் சுட்டிக்காட்டித் திருத்தலாம். ஜூரியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே வாதிட வேண்டும்.

3. குடத்தில் யார் பெயர்?

ஜூரியில் அமர்வோரைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். நடுநிலை வேண்டுமாயின் தெரிவு எவருடைய விருப்பத்திலும் விடப்படலாகாது. ஆதலால் பொதுப் பட்டியலிலிருந்து சீட்டெடுப்பது போலத் தற்செயலாகப் பெயர்களை எடுப்பர். எடுக்கப்பட்டோருக்கு அழைப்பாணை செல்லும். நோய், முதுமை, தொழில் முதலிய காரணங்களால் சிலர் விலக்குப் பெறுவர். வழக்கில் தொடர்புடையவர், உறவினர், முன்கூட்டியே முடிவு கொண்டவர் முதலியோரை மறுக்கும் உரிமை இரு தரப்பு வழக்கறிஞர்க்கும் உண்டு. எஞ்சியோர் உறுதிமொழி எடுத்து அமர்வர். இங்கிலாந்தில் பன்னிருவர் அமர்வர். ஸ்காட்லாந்துக் குற்றவியல் வழக்கில் பதினைவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிற்காலத்தில் எழுவர் அமர்ந்தனர்.

குலுக்கல் முறை தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கினர். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். முன் மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும், கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இது நிருவாகத்திற்கான தேர்வேயன்றி ஜூரித் தேர்வன்று. எனினும் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய பாடம் ஒன்று அதில் உண்டு. ஓலை எடுத்த சிறுவனின் கை நடுநிலை தவறாதது. ஆனால் குடத்துள் எல்லாருடைய பெயரும் இருக்கவில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலியேனும் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர், வேதக் கல்வி உடையவர், முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்குட்பட்டவர் ஆகியோர் பெயரே இடப்பட்டது. குலுக்கல் எத்துணை நேர்மையாக நடப்பினும், குடத்தில் இடப்படாத பெயர் வெளியே வாராது.

ஜூரியின் வரலாறு முழுவதும் இக்குடத்தை அகலப்படுத்தும் போராட்டமாகவே இருந்துவந்துள்ளது. இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் ஜூரியில் அமர வழிசெய்தது. ஆனால் சொத்துத் தகுதி நீடித்தது. வீடு பெரும்பாலும் கணவர் பெயரில் இருந்தமையால் பெண்களுள் மிகப் பலர் பட்டியலில் இடம்பெறவில்லை. 1965ஆம் ஆண்டு மாரிஸ் குழு அளித்த அறிக்கைக்குப் பின், 1970களில்தான் வாக்காளர் பட்டியலே ஜூரிப் பட்டியலுக்கு அடிப்படையாயிற்று.

அமெரிக்காவில் வேறொரு வகையில் குடம் குறுகியது. காரணம் கூறாமலே குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மறுக்கும் உரிமை அங்கு இரு தரப்புக்கும் உண்டு. அவ்வுரிமையைக் கொண்டு கறுப்பினத்தவரை ஒருவர் விடாமல் நீக்கிய வழக்குகள் பல. 1986ஆம் ஆண்டு பாட்சன் வழக்கில், இனத்தைக் காரணமாகக் கொண்டு அரசு வழக்கறிஞர் ஒருவரை நீக்குதல் கூடாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தோ காரணமின்றி மறுக்கும் உரிமையைக் குற்றஞ்சாட்டப்பட்டோரிடமிருந்து 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துவிட்டது.

4. நம் நாடுகளில்

இப்பின்னணியோடு நம் நாடுகளின் வரலாற்றைக் காண்போம். 1807ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் பினாங்கில் ஆங்கில முறை நீதிமன்றத்தை நிறுவியது. 1826ஆம் ஆண்டின் பட்டயம் அதனைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் விரித்தது. நீதிமன்றத்தோடு ஜூரியும் வந்தது. குற்றச்சாட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாமா என முன்கூட்டியே ஆராயும் பெருஜூரியும் அக்காலத்தில் இருந்தது. 1873ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. மலாய் மாநிலங்களில் நீதிபதியோடு உதவியாளராக அமர்ந்து கருத்துரைக்கும் மதிப்பீட்டாளர் முறை வழங்கிவந்தது.

நீரிணைக் குடியேற்றங்களில் ஜூரியில் அமர ஆங்கில அறிவு வேண்டும் என்பது நிபந்தனை. நீதிமன்ற மொழி ஆங்கிலமாதலின் இந்நிபந்தனை இயல்பானதே என்று தோன்றும். ஆனால் அதன் விளைவைக் கருதுக. துறைமுகத்திலும் தோட்டத்திலும் கடைவீதியிலும் வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் மலாய், சீனக் கிளைமொழிகள், தமிழ் ஆகியவற்றையே பேசினர். குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் சாட்சிகளும் பெரும்பாலும் அவர்களே. அவர்களுக்கு முடிவு கூற அமர்ந்தோரோ ஆங்கிலம் கற்ற சிறுபான்மையினர். ‘தன்னையொத்த மாந்தரால் விசாரிக்கப்படும் உரிமை’ என்று ஜூரியைப் போற்றுவது மரபு. இங்குக் கூண்டில் நின்றவரும் ஜூரியில் அமர்ந்தவரும் ஒரே ஊரினராயினும், ஒருவர் பேச்சை மற்றவர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அறிந்தனர். சான்று கூறுபவரின் தயக்கமும் நடுக்கமும் சொல்லழுத்தமும் உண்மையை அளக்க உதவுவன. அவை மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் தங்குவதில்லை.

சிங்கப்பூரில் ஜூரி நீங்கிய வரலாற்றில் இருவர் பெயர் எதிரெதிர் நிற்கும். 1950ஆம் ஆண்டு டிசம்பரில் மரியா ஹெர்தோ வழக்கையொட்டிக் கலவரம் மூண்டது. அதில் நிகழ்ந்த கொலையொன்றின் தொடர்பில் நால்வர் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களுக்காக வாதிட்ட இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ, ஜூரியின் ஐயங்களைத் தூண்டி விடுதலை பெற்றுத் தந்தார். அவ்வெற்றி தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்றும், ஜூரி முறையில் தமக்கிருந்த நம்பிக்கையை அது குலைத்தது என்றும் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார். அவர் தலைமையிலான அரசு 1960ஆம் ஆண்டில் ஜூரியை மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்குள் அடக்கியது. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை அறவே நீக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனைக் கடுமையாக எதிர்த்தவர் முன்னாள் முதலமைச்சரும் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞருமான டேவிட் மார்ஷல்.

தூக்குத் தண்டனைக்கு வழிவகுக்கும் முடிவைக் கூறப் பொதுமக்கள் அஞ்சுகின்றனர்; அதனால் குற்றவாளிகள் தப்புகின்றனர் என்பது அரசு தரப்பின் வாதம். ஓர் உயிரைப் பறிப்பதற்குமுன் பொதுமக்களின் மனச்சான்று கேட்கப்பட வேண்டும் என்பது எதிர்த்தோர் தரப்பின் உட்கிடை. அஞ்சுதல் என்று ஒருவர் கூறியதை எச்சரிக்கை என்று மற்றவர் கூறினார் எனலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஜூரி எப்பொழுதும் அஞ்சியது என்றும் சொல்வதற்கில்லை. புலாவ் செனாங் தீவில் 1963ஆம் ஆண்டு நிகழ்ந்த கலவரத்தில் கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் பிற அதிகாரிகளும் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ அறுபது பேர் ஒருசேரக் கூண்டில் நின்ற அவ்வழக்கை எழுவர் ஜூரி பல மாதங்கள் கேட்டது. 1964ஆம் ஆண்டு பதினெண்மர் மரண தண்டனை பெற்றனர், வேறு சிலர் குறைந்த தண்டனை பெற்றனர், சிலர் விடுதலையாயினர். இவ்வாறு ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரித்தறிய அவ்வெழுவர் முயன்றனர்.

ஜூரி நீங்கிய பின் சிங்கப்பூரில் மரண தண்டனைக்குரிய வழக்குகளை இரு நீதிபதிகள் விசாரித்தனர். 1992ஆம் ஆண்டு முதல் ஒரு நீதிபதியே விசாரிக்கலானார். மலேசியாவில் ஜூரி முறை 1995ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் கொலை தொடர்பில் மோனா பெண்டி உள்ளிட்ட மூவர் மீது தெமர்லோ உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கு, அந்நாட்டின் இறுதி ஜூரி வழக்குகளுள் ஒன்று.

5. மொழிவாரிப் பட்டியல்

ஒரு மொழி அறிந்தோரை மட்டும் குடத்தில் இடுவதால் வரும் குறையை, மொழிதோறும் ஒரு குடம் வைத்து நீக்கலாகாதா என்று மாணவர் கேட்கக்கூடும். இலங்கை அவ்வழியே சென்றது. அங்கு ஜூரிப் பட்டியல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாக அமைந்தது. எப்பட்டியலிலிருந்து ஜூரி அமைய வேண்டும் என்று தெரிவு செய்யும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு. எழுவர் அமர்வர். தன் மொழி அறிந்தோர் முன் நிற்கும் உரிமை அவருக்குக் கிட்டியது. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006ஆம் ஆண்டு நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கைச் சிங்கள மொழி ஜூரி விசாரித்து, 2016ஆம் ஆண்டு டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. அம்முடிவு சரியா, தவறா என்று உரைப்பது நம் பணியன்று. ஆனால் கொலையுண்டவரின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரேனும் அவ்வெழுவருள் இல்லை என்னும் மனக்குறை எழுந்ததை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். மொழியும் இனமும் ஒன்றோடொன்று பிணைந்த நாட்டில், மொழிவாரிக் குடம் இனவாரிக் குடமாக மாறிவிடக்கூடும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நியாயமாகத் தோன்றும் ஏற்பாடு, இழப்புற்றவருக்கு அவ்வாறு தோன்றாமல் போகலாம்.

ஜப்பான் வேறொரு முயற்சியை மேற்கொண்டது. 2009ஆம் ஆண்டு முதல் அங்குக் கடுங்குற்ற வழக்குகளில் மூன்று நீதிபதிகளும் ஆறு பொதுமக்களும் ஒருங்கமர்ந்து முடிவு செய்கின்றனர். அம்முறை நடைமுறைக்கு வருமுன் அந்நாட்டு வழக்கறிஞர் கூட்டமைப்பு மொழியியலாளர் துணையோடு, நீதிமன்றக் கலைச்சொற்களை அன்றாட மொழியில் விளக்கும் பணியில் ஈடுபட்டது. பொதுமக்களை அவைக்கு அழைப்பதற்கு முன்னர் அவையின் மொழியைப் பொதுமக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். மொழி வளர்க்கும் அமைப்புகள் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

6. சந்தேகம் என்னும் சொல்

நம் மொழிக்கு வருவோம். ஜூரியில் அமரும் வாய்ப்பு நமக்கு இன்று இல்லை. ஆயினும் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் இன்றும் நீதிமன்றக் கூண்டில் நிற்கக்கூடும், சாட்சியாகவும் வரக்கூடும். அவருக்கும் நீதிபதிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அங்குச் சொற்கள் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இரு சான்றுகள் காட்டுவோம்.

‘அவன்மேல் எனக்குச் சந்தேகம்’ என்கிறோம். ‘அவன்தான் செய்தானா என்பது எனக்குச் சந்தேகம்’ என்றும் கூறுகிறோம். சொல் ஒன்றே. பொருளோ நேர் எதிர். முதல் தொடரில் சந்தேகம் அவனைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறது. இரண்டாம் தொடரில் அதனின்று மீட்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. ஒருவர்மேல் கொள்ளும் முதல்வகைச் சந்தேகம் எவ்வளவு மிகுந்தாலும் அது சான்றாகாது. இரண்டாம் வகைச் சந்தேகம் காரணத்தோடு எஞ்சினால் அவரைத் தண்டித்தல் ஆகாது. நாம் முன்னதற்கு ஐயுறவு என்றும் பின்னதற்கு ஐயப்பாடு என்றும் வரையறுத்தாலும் சரி, வேறு சொற்களைக் கொண்டாலும் சரி. வேறுபாட்டைக் காத்தல் இன்றியமையாதது.

அவ்வாறே ‘கொலை’ என்னும் சொல். சிங்கப்பூர், மலேசியத் தண்டனைச் சட்டங்கள் உயிரிழப்பு விளைத்த குற்றத்தை இரு படிகளாகப் பிரிக்கின்றன. மேற்படி கொலைக்குற்றம், அது மரண தண்டனைக்கு வழிகோலும். கீழ்ப்படி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். அதற்குத் தூக்கு இல்லை. செய்தவரின் உள்ளக்கருத்தும், திடீரெனச் சினமூட்டப்பட்டாரா போன்ற சூழலும் இவ்விரண்டையும் பிரிக்கும். அன்றாடத் தமிழில் நாம் இரண்டையும் கொலை என்றே சொல்லிவிடுகிறோம். ‘நான் கொலை செய்துவிட்டேன்’ என்று அச்சத்தில் ஒருவர் கூறும் சொல்லுக்கு அவர் கருதாத சட்டப்பொருள் ஏற்றப்படுமாயின், ஓர் உயிர் அச்சொல்லின்மேல் தொங்கும்.

7. வகுப்பறையில் ஆற்றத்தக்கது

ஜூரியை மீட்க வேண்டும் என்று வாதிட நாம் வரவில்லை. காரணம் எழுதப்பட்ட தீர்ப்பு பெருநன்மை என்பதை ஒப்புகிறோம். எனினும் ஜூரி இருந்த காலத்தில் வழக்கறிஞரும் நீதிபதியும் சட்டம் பயிலாத எழுவர்க்கு விளங்குமாறு பேச வேண்டியிருந்தது. அவ்வெழுவரும் பொறுமையாகக் கேட்டு, தம்முள் கலந்து, தம் முற்சார்பை அடக்கி முடிவு கூறப் பழக வேண்டியிருந்தது. இப்பயிற்சி குடிமக்களுக்கு வேண்டாததாகிவிடவில்லை. முன்பு நீதிமன்றம் சிலருக்கு அளித்த பயிற்சியை இன்று பள்ளி எல்லார்க்கும் அளிக்கலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையாயினும் செய்தியாயினும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, எழுவரைக் குலுக்கலில் தெரிந்து வகுப்பில் ஜூரியாக அமர்த்துங்கள். கோவலன் வழக்கே தொடக்கத்திற்குப் போதும். நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, ஊகித்தது எது என்று மூன்று பட்டியல்களைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். பொற்கொல்லன் கூற்று எப்பட்டியலில் சேரும் என்று வாதிடட்டும். ஜூரி காரணம் கூறாதெனினும், வகுப்பறை ஜூரி ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதட்டும். குலுக்கலில் அனைவர் பெயரும் இடம்பெறட்டும். நன்றாகப் பேசும் மாணவர் பெயரை மட்டும் குடத்தில் இடுவோமாயின், நாம் இவ்வுரையில் கண்ட பழைய குறையையே மீண்டும் செய்தவராவோம்.

மாணவச் செல்வங்களே, நீதிமன்ற மொழிபெயர்ப்பு உங்களுள் சிலர்க்கேனும் வாழ்க்கைத் தொழிலாகலாம். இரு மொழிகளிலும் ஆழ்ந்த புலமையும், ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ துணியாத நேர்மையும் அதற்கு வேண்டும். தமிழைத் தேர்வுக்காக மட்டும் கற்பவர் அத்தகுதியை எய்துதல் அரிது. உங்கள் தமிழை நம்பி ஒருவர் கூண்டில் நிற்கும் நாள் வரலாம் என்னும் எண்ணத்தோடு கற்பீர்களாக.